கையில் காசில்லை, ஆனாலும் சினிமா எடுத்தார்கள்!

ஒரு சினிமாப் படம் எடுக்க என்ன வேண்டும்?

டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். “பணம் வேண்டும் ஐயா! கோடி கோடியாகக் கொட்ட வேண்டும்” என்பார்கள். பெரிய நட்சத்திரம் வேண்டும், பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், ஸ்டுடியோவில் அரண்மனை போட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள்.

ஆனால் முதலாளி இல்லாமல், கையில் காசும் இல்லாமல், ஒரே ஒரு மனிதர் பிடிவாதமாக நின்று எடுத்து முடித்த படங்களும் உண்டு. அவற்றில் சில உலகப் புகழ் பெற்றவை. நம் நாட்டின் முதல் முழு நீளக் கதைப் படம் என்று போற்றப்படும் படமே அப்படிப் பிறந்ததுதான்!

கடல் இருந்த இடம்

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஒரு கிராமம் இருக்கிறது. அதன் அருகே மண் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. மழைத் தண்ணீர் அறுத்துப் போட்ட ஓடைகள். செடி கொடி அதிகம் இல்லை. மாலை வெயிலில் அந்த மண் நிறம் மாறுவதைப் பார்த்தால் வேறு ஏதோ உலகத்துக்கு வந்துவிட்டது போல் இருக்கும்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுறா மீனின் பற்களும் கல்லாக மாறி இன்னும் மண்ணில் கிடைக்கின்றன. அதே மாவட்டத்தில் சாத்தனூரில் ஒரு முழு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. அதன் நீளம் 18 மீட்டர்!

அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் தெரியும். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயில் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. செட்டிகுளம் பக்கம் திரும்பினால் சின்ன வெங்காய வயல்கள்.

ஸ்டுடியோக்காரர்கள் பல லட்சம் செலவிட்டாலும் இப்படி ஒரு காட்சியைக் கட்ட முடியாது. இங்கே அது சும்மா கிடக்கிறது.

காமிராவும் இப்போது பெரிய விஷயம் இல்லை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே செல்போன் காமிரா இருக்கிறது. அமெரிக்காவில் 2015-ல் வெளியான ‘டேஞ்சரின்’ என்ற படம் ஐபோனில் எடுக்கப்பட்டது. அது தியேட்டர்களிலும் ஓடியது.

இந்த வட்டாரத்துக்குச் சினிமா ஆசையும் புதிதல்ல. பெரம்பலூரும் அரியலூரும் முன்னே திருச்சி ஜில்லாவில் இருந்தவை. அந்தத் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். வடக்கே லாகூர், பெஷாவர் வரை அவர் போய் வந்தார்!

ஆகவே இடம் இருக்கிறது. காமிரா இருக்கிறது. ஆசையும் இருக்கிறது. அப்படியானால் ஒரு இளைஞர் தனி ஆளாக ஒரு முழுப் படம் எடுத்துவிட முடியுமா?

முடியும். ஆனால் எடுத்துக் காட்டியவர்களின் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். “தனியாக எடுத்தார், காசில்லாமல் எடுத்தார்” என்று ஊர் சொல்லும். ஆனால் காசுக்குப் பதிலாக ஏதோ ஒன்று செலவாகியிருக்கும். பெரும்பாலும் அது அவருடைய வீட்டிலிருந்தே போயிருக்கும்.

பட்டாணிச் செடி வளர்ந்த கதை

நாசிக் அருகே திரியம்பகத்தில் 1870-ல் பிறந்தவர் துண்டிராஜ் கோவிந்த பால்கே. ஓவியம் படித்தவர். போட்டோ பிடித்தார், வித்தை காட்டினார், அச்சகம் நடத்தினார். ஒன்றும் நிலைக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒரு நாள் பம்பாயில் ஏசுநாதர் வாழ்க்கையைப் பற்றிய ஊமைப் படம் ஒன்றைப் பார்த்தார். அன்றே அவர் மனத்தில் விதை விழுந்தது. ‘ராமனையும் கிருஷ்ணனையும் இதே போலத் திரையில் காட்டினால் என்ன?’

கையில் பணம் இல்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியை ஈடு வைத்துக் கடன் வாங்கினார். 1912-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். படம் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு, ஒரு காமிராவையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அடுத்து, படம் எடுக்கப் பணம் வேண்டும். யார் நம்பிக் கொடுப்பார்கள்? பால்கே ஒரு யுக்தி செய்தார். தொட்டியில் பட்டாணியை ஊன்றினார். அதன் எதிரே காமிராவை வைத்தார். விதை முளைத்துச் செடியாகும் வரை பொறுமையாக ஒவ்வொரு படமாகப் பிடித்தார். பல நாளில் வளர்ந்த செடி, திரையில் ஒரு நிமிஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தது! பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கடன் கொடுக்க ஆள் கிடைத்தது. அதற்கு ஈடாகப் போனது அவர் மனைவி சரஸ்வதிபாயின் நகைகள்.

அந்த அம்மையார் நகையைக் கழற்றிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அந்தக் காலத்துப் பிலிம் ஓரத்தில் துளை இல்லாமல் வரும். காமிராவில் மாட்ட வேண்டுமானால் இருட்டில் உட்கார்ந்து துளை போட வேண்டும். அதைச் சரஸ்வதிபாய் செய்தார். பிலிம் கழுவும் மருந்தைக் கலந்தார். வெயில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார். படத்தில் வேலை செய்த அறுபது எழுபது பேருக்கும் அவரே சமைத்துப் போட்டார். தாதரில் இருந்த அந்த வீடே ஸ்டுடியோவாகவும், பிலிம் கழுவும் இடமாகவும், சாப்பாட்டுக் கூடமாகவும் இருந்தது.

பெண் வேஷத்துக்குப் பெண்கள் யாரும் வரவில்லை. ஓட்டலில் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர்தான் ராணி தாராமதியாக நடித்தார். அரிச்சந்திரன் மகனாக நடித்தவன் பால்கேயின் சொந்த மகன் பாலசந்திரன். வெளியூரில் படம் பிடிக்கும்போது அந்தப் பையன் பாறையில் விழுந்து மண்டையில் அடிபட்டு நினைவிழந்தான். படம் நிற்கவில்லை. தகப்பனார் அவனுக்குச் சிகிச்சை செய்துகொண்டே மிச்சத்தையும் எடுத்து முடித்தார்.

‘ராஜா அரிச்சந்திரா’ 1913 மே 3-ந் தேதி பம்பாய் கரோனேஷன் தியேட்டரில் திரையிடப்பட்டது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். இந்தியாவில் ஒரு பெரிய தொழில் பிறந்தது.

பால்கே அதற்குப் பின் எத்தனையோ படங்கள் எடுத்தார். ஆனால் பேசும் படம் வந்த பிறகு அவர் தொழில் படுத்தது. 1944-ல் நாசிக்கில் ஏழ்மையில் கண்ணை மூடினார். இன்று இந்தியத் திரையுலகில் அரசாங்கம் கொடுக்கும் மிகப் பெரிய விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. சரஸ்வதிபாயின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாடு தின்ற படப்பிடிப்பு

நாற்பது ஆண்டு கழித்துக் கல்கத்தாவில் இதே கதை மறுபடியும் நடந்தது.

சத்யஜித் ரே விளம்பரக் கம்பெனியில் ஓவியம் வரையும் வேலையில் இருந்தார். ‘பதேர் பாஞ்சாலி’ என்ற வங்காள நாவலைப் படமாக எடுக்க விரும்பினார். பாட்டு இல்லை, காதல் இல்லை, ஒரு ஏழைக் குடும்பத்தின் கதை என்றதும் பட முதலாளிகள் கையை விரித்துவிட்டார்கள்.

ரே வேலையை விடவில்லை. விடுமுறை நாளில் படம் பிடிக்கலாம் என்று முடிவு செய்தார். 1952 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினார். அக்காளும் தம்பியும் நாணல் பூக்களின் நடுவே ஓடும் காட்சி. பாதி எடுத்தாயிற்று. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒரு பூவைக் காணோம்! மாடுகள் மேய்ந்துவிட்டன. மீதியை எடுக்க அடுத்த பருவத்தில் பூப் பூக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

காமிராவைப் பிடித்த சுப்ரதோ மித்ராவுக்கு அப்போது வயது 21. சினிமாக் காமிராவை அவர் அதற்கு முன் இயக்கியதே இல்லை. பணம் தீர்ந்ததும் படம் நின்றது. ரே இன்ஷூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கினார். ஆசையாகச் சேர்த்த புத்தகங்களையும் இசைத் தட்டுகளையும் விற்றார். அவர் மனைவி பிஜொயாவின் நகைகளும் அடகுக் கடைக்குப் போயின.

படம் மாதக்கணக்கில் நின்றபோது ரேக்கு மூன்று கவலை. நடிக்கும் பையனின் குரல் உடைந்துவிடக் கூடாது. சிறுமி வளர்ந்துவிடக் கூடாது. கிழவியாக நடித்த, எண்பது வயதை எட்டிய சுனிபாலா தேவி அதற்குள் இறந்துவிடக் கூடாது. மூன்றும் நல்லபடியாக முடிந்தன. கடைசியில் மேற்கு வங்க அரசாங்கம் பணம் கொடுத்தது. 1955-ல் படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸில் கான் விழாவில் பரிசு பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டுப் போராட்டத்தின் பெரும் பகுதியில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது ரேயின் மாதச் சம்பளத்தால்தான்.

நம் பக்கத்து வீடுகள்

தமிழ்நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது.

காமிராக் கலைஞர் செழியன் ‘டு லெட்’ என்று ஒரு படம் எடுத்தார். சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு சிறு குடும்பம், வேறு வீடு தேடி அலைகிறது. அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை. இந்தப் படத்தைத் தயாரித்தவர் பெரிய முதலாளி அல்ல. செழியனின் மனைவி பிரேமாதான்! 2017-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. 2019-ல் தியேட்டருக்கு வந்தது.

மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டியைச் சேர்ந்தவர் பி.எஸ்.வினோத்ராஜ். இளம் வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். பின்னால் சென்னையில் டி.வி.டி. கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடையே அவருக்குச் சினிமாக் கல்லூரி ஆயிற்று. கடையிலிருந்த படங்களைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றார்.

அவர் எடுத்த ‘கூழாங்கல்’ கதையும் வீட்டிலிருந்து வந்ததுதான். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட அவருடைய சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய் வீடு வந்து சேர்ந்தார். அந்த நடை தம்முடைய மனத்தை விட்டு அகலவில்லை என்று வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். படத்தில் அந்த நடையை ஒரு ஆண் நடக்கிறான். குடிகாரத் தகப்பனும் அவன் மகனும் கொளுத்தும் வெயிலில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இடம், சொந்த ஊரைச் சுற்றியுள்ள பொட்டல். வெளிச்சம், சூரியன் கொடுத்தது. மகனாக வந்தவன் அந்தப் பக்கத்துச் சிறுவன் செல்லப்பாண்டி.

நயன்தாரா, விக்னேஷ் சிவன் ஆகியோரின் ‘ரவுடி பிக்சர்ஸ்’ அந்தப் படத்தை ஏற்று வெளியே கொண்டு வந்தது. 2021 பிப்ரவரியில் ஹாலந்து நாட்டில் ராட்டர்டாம் விழாவில் ‘டைகர்’ பரிசு கிடைத்தது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டு ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் போனதும் அந்தப் படம்தான்.

பெரம்பலூரின் பொட்டலுக்கும் அரிட்டாபட்டியின் பொட்டலுக்கும் எத்தனை தூரம்? பஸ்ஸில் போனால் அரை நாள்!

இருப்பதைக் கொண்டு எழுதினார்

வீட்டுச் சொத்தில் கை வைக்காமல் எடுத்த ஒருவரும் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ரோட்ரிக்ஸ் என்ற இளைஞர், புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் தம் உடம்பையே கொடுத்துப் படுத்தார். அதற்குக் கூலி கிடைத்தது. படுத்திருந்த நாளில் கதையையும் எழுதினார்.

கதையை அவர் எழுதிய விதம்தான் முக்கியம். மெக்சிகோ எல்லையில் உள்ள நண்பரின் ஊரில் என்னென்ன பொருள் இனாமாகக் கிடைக்கும் என்று முதலில் கணக்கெடுத்தார். ஒரு பஸ், ஒரு நாய், ஒரு மதுக்கடை, ஒரு பண்ணை வீடு. இவற்றை வைத்தே கதை கட்டினார். காமிராவை உருட்டிச் செல்ல வண்டி இல்லை. ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து படம் பிடித்தார். உதவியாளரும் இல்லை, அந்தக் காட்சியில் நடிக்காத நடிகரே விளக்கைப் பிடித்தார். மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர். 1992-ல் முடிந்த அந்த ‘எல் மரியாச்சி’ உலகமெங்கும் ஓடியது. ஆனால் அதை வாங்கிய கம்பெனி, தியேட்டருக்கு ஏற்றபடி சரிசெய்ய அதைப் போலப் பல மடங்கு செலவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கே எடுப்பதென்றால்...

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு இளைஞர் இப்படி ஒரு படம் எடுக்க நினைத்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு நோட்டை எடுத்துக் கையில் இருப்பதை எழுத வேண்டும். மாமாவின் வெங்காயப் பட்டறை, சித்தப்பாவின் டிராக்டர், பாட்டியின் ஓட்டு வீடு, கூத்தில் வேஷம் கட்டும் பக்கத்து வீட்டுக்காரர். இவற்றுக்குள் அடங்குகிற கதையே காசில்லாதவருக்கு ஏற்ற கதை.

அடுத்தது வெளிச்சம். காலை வெயிலும் மாலை வெயிலும் இனாம். உச்சி வெயிலில் முகத்தில் கண்ணும் மூக்கும் கருத்துவிடும். அப்போது சரஸ்வதிபாய் பிடித்த அதே வெள்ளைத் துணிதான் இன்றும் கை கொடுக்கும்.

பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒலி. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். பொட்டல் காட்டில் காற்று மைக்கில் மோதும். அரியலூர்ச் சாலையில் லாரி இரைச்சல் பேச்சை விழுங்கும். ஆகவே நடிப்பவர் சட்டையில் சிறிய மைக் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால், காட்சி முடிந்ததும் அமைதியான அறைக்குப் போய் அதே பேச்சைத் தனியாகப் பதிய வேண்டும்.

அனுமதியும் அவசியம். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் தொல்லியல் துறையின் காவலில் இருப்பது; அங்கே முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ரயில்வே ஸ்டேஷனுக்கும் அப்படியே. காரையில் படம் பிடிக்கலாம் என்று போய், அந்தக் கல் உயிர்களைப் பெயர்த்துப் பையில் போட்டு வரக் கூடாது. முடிந்த படத்தைத் தியேட்டரில் காட்ட வேண்டுமானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு.

எடுத்ததை அன்றன்றே இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். படத்தை வெட்டி ஒட்ட இலவசமாகவே மென்பொருள் கிடைக்கிறது. ஆனால் தனி ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். கூலி வாங்காமல் நடிக்க வருகிறவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். அந்தச் சாப்பாட்டைச் சமைக்கப் போவது யார்? அம்மாவா, அக்காவா, மனைவியா?

கேட்டுவிட்டு எடுக்கட்டும்

இங்கேதான் குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.

பால்கே ஜெயித்தார். ரே ஜெயித்தார். ஜெயித்தவர்களின் கதைதான் பத்திரிகையில் வருகிறது. நகை மீளாமலே போன வீடுகளின் கதை வெளியே வருவதில்லை. பாதியில் நின்ற படத்தை யாரும் திரையிடுவதும் இல்லை.

ஆகவே தொடங்கும் முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. இவ்வளவு வரை செலவு செய்யலாம். இதற்கு மேல் கிடையாது. இத்தனை மாதம் பார்க்கலாம். அதன் பின் நிறுத்திவிட வேண்டும். வட்டிக்கு வாங்கக் கூடாது. தங்கையின் கல்யாணத்துக்கு வைத்ததைத் தொடக் கூடாது. ரேயைப் போல வேலையை விடாமல் ஞாயிற்றுக்கிழமையில் எடுக்கலாம். ஒரு ஆண்டில் 52 ஞாயிறு வருகிறது. ஒரு படத்துக்கு அது குறைவான நாள் அல்ல!

பெற்றோரும் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். “சினிமாவா? உருப்பட மாட்டாய்” என்ற ஒரு வார்த்தையோடு கதவைச் சாத்திவிட வேண்டாம். கதை என்ன என்று கேட்கலாம். கணக்கு நோட்டை வாங்கிப் பார்க்கலாம். முடிந்தால் ஒரு நாள் அந்த வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கலாம்.

படம் முடியும்போது திரையில் பெயர்கள் ஓடும். கதை, வசனம், காமிரா, டைரக்‌ஷன் எல்லாம் ஒரே பெயராக இருக்கலாம். ஆனால் நகையைக் கழற்றிக் கொடுத்த கையும், சோற்றுப் பானையை இறக்கிய கையும் வேறு கைகள். அந்தப் பெயர்களையும் திரையில் போடட்டும். அதைவிட முக்கியம், காமிராவைத் தூக்கும் முன்பே அவர்களை ஒரு வார்த்தை கேட்கட்டும்!